பாஸ்பரஸ் ஒளிர வேண்டியதில்லை

குவார்ட்ஸ் குழாயைத் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கும்போது அவசரப்படக் கூடாது. சடாரென்று இறக்கினால் உள்ளே இருக்கும் கரைசல் விரிசல் விட்டு உறையும். விரிசல் ஒளியைச் சிதறடிக்கும், அளவீடு கெட்டுப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சீறல் அடங்கி, குழாய்க்குள் இருக்கும் மெத்தில் டிஎச்எஃப் என்ற கரைப்பானில் செய்த கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக இறுகியதும் அறை விளக்கை அணைப்போம். 254 நானோமீட்டர் புறஊதா விளக்கைப் போட்டால் குழாய் மங்கலான ஊதாவில் தெரியும். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த விளக்கையும் அணைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். இருட்டில் குழாய் மட்டும் வெளிர்நீலமாக நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் மெல்ல மெல்ல அடங்கிவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை. போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு இதைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: “அக்கா, இதுல பாஸ்பரஸ் இருக்கிறதாலதானே இப்படி நின்னு எரியுது?”

“இல்லப்பா. பாஸ்பரஸ் இதுல ஒளிரவே இல்ல” என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல அன்று நேரம் இல்லை. அவனுக்காகவும், இதே கேள்வியை என்னிடம் கேட்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். மெல்லிய கரிம அடுக்குகளில் மின்சாரம் பாய்ச்சி ஒளியெடுக்கும் ஓஎல்இடிக்காகப் பாஸ்பரஸ் சேர்ந்த கரிம மூலக்கூறுகளைச் செய்வதுதான் சில வருடங்களாக என் வேலை.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். 1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில் இருட்டில் ஒளிரும் ஒரு மெழுகு போன்ற பொருளைக் கண்டார். அதுதான் வெள்ளைப் பாஸ்பரஸ். ஒளியைச் சுமப்பது என்ற பொருளில் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் ஒளிர்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது வினைபுரிவதால். அது வேதி ஒளிர்வு. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும் நின்றொளிர்தல் முற்றிலும் வேறு. பிற்பாடு ஆங்கிலத்தில் நின்றொளிர்தலுக்கும் பாஸ்பரஸின் பெயரையே ஒட்டிப் பாஸ்பாரசன்ஸ் என்று வைத்துவிட்டார்கள். வெள்ளை எல்இடி விளக்குக்குள் பூசும் மஞ்சள் தூளுக்கும் பாஸ்பர் என்றுதான் பெயர். அதில் இருப்பதோ யிட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன், துளி சீரியம். பாஸ்பரஸ் ஓர் அணு கூடக் கிடையாது.

ஆக, என் குழாயில் அந்த நீல ஒளியைத் தந்தது மூலக்கூறின் நடுவில் இருக்கும் டைபென்சோஃப்யூரான் என்ற கார்பன் சட்டகம். அதன் இரண்டு பக்கமும் பாஸ்பரஸ் இருக்கிறது, ஒவ்வொரு பாஸ்பரஸோடும் ஓர் ஆக்சிஜன், இரண்டு பென்சீன் வளையங்கள். அந்தப் பாஸ்பரஸ்களின் வேலை வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஓஎல்இடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தொட வேண்டும்.

1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டே இரண்டு மெல்லிய கரிம அடுக்குகளை வைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பச்சை ஒளியை எடுத்துக் காட்டினார்கள். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான், மறு பக்கத்திலிருந்து அதன் எதிரியான துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். இரண்டும் நடுவில் சந்தித்து ஒரு கிளர்வுற்ற மூலக்கூறை உண்டாக்குகின்றன, அது ஒளியை விட்டு அமைதியாகிறது. சிக்கல் என்னவென்றால் அப்படிப் பிறக்கும் கிளர்வுகளில் நான்கில் ஒரு பங்குதான் எளிதில் ஒளியாகும் சிங்லெட் வகை. மீதி முக்கால் பங்கு, ஒளியாகத் தயங்கும் ட்ரிப்லெட் வகை. சாதாரணக் கரிம மூலக்கூறில் அறை வெப்பத்தில் ட்ரிப்லெட் ஒளியாக வராது, சூடாகி வீணாகும். கடுங்குளிரில் மட்டும் மெதுவாக ஒளியாகும், என் குழாயில் நின்றது அதுதான். 1998இல் மார்க் பால்டோ, மார்க் தாம்ப்சன், ஸ்டீபன் ஃபாரஸ்ட் குழுவினர் பிளாட்டினம் உள்ள போர்ஃபிரின் என்ற ஒரு வளைய மூலக்கூறைக் கலந்து அந்த முக்கால் பங்கையும் சிவப்பு ஒளியாக எடுத்தார்கள். அடுத்து இரிடியம் வந்தது, பச்சையும் கைக்குள் வந்தது. கன உலோகம் பக்கத்தில் இருந்தால் ட்ரிப்லெட்டும் தயங்காமல் ஒளிரும்.

இந்த இரிடியம் மூலக்கூறுகளை அப்படியே கெட்டியாகப் பூச முடியாது. நெருக்கமாக இருந்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். அதனால் நூறில் ஐந்தோ பத்தோ பங்கு மட்டும் இருக்கும்படி வேறொரு மூலக்கூறுக்குள் கலப்போம். அந்த வேறொன்றுக்கு ஹோஸ்ட் என்று பெயர். இடம் கொடுப்பதோடு ஹோஸ்டின் வேலை முடிவதில்லை. எலக்ட்ரானையும் துளையையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹோஸ்டின் ட்ரிப்லெட் ஆற்றல் ஒளிரும் மூலக்கூறின் ட்ரிப்லெட்டை விட உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது போல ஆற்றலும் தாழ்ந்த இடத்தைத் தேடும். ஹோஸ்ட் தாழ்ந்திருந்தால் ஒளிரவேண்டிய ஆற்றலை அதுவே இழுத்துக்கொள்ளும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பச்சைக்கும் சிவப்புக்கும் இது பெரிய தொல்லை இல்லை. நீலம்தான் படுத்தும். நீல ஒளியின் ஃபோட்டான் ஆற்றல் அதிகம், அதனால் நீல இரிடியம் மூலக்கூறின் ட்ரிப்லெட்டும் உயரம். வெளிர்நீலத்துக்கு எல்லோரும் பயன்படுத்திப் பார்த்த ஃபிர்பிக் என்ற இரிடியம் மூலக்கூறுக்கு ட்ரிப்லெட் ஆற்றல் ஏறத்தாழ 2.65 எலக்ட்ரான் வோல்ட் (இந்த அளவு ஆற்றலை அளக்கும் அலகு அது). பச்சைக்குப் பழகிய சிபிபி என்ற கார்பசோல் ஹோஸ்டுக்கோ 2.56தான். வித்தியாசம் சின்னது, விளைவு பெரியது.

ஹோஸ்டின் ட்ரிப்லெட்டை உயர்த்துவது எப்படி? கார்பன் வளையங்களில் பரவி ஓடும் பை எலக்ட்ரான்களின் பாதையைக் குறுக்க வேண்டும். பாதை நீளமாக இருந்தால் ஆற்றல் இறங்கும், குட்டையாக இருந்தால் ஏறும். ஆனால் பாதையைக் குறுக்கினால் அந்த மூலக்கூறு எலக்ட்ரானை ஏற்கத் தயங்கும். மின்முனையிலிருந்து எலக்ட்ரானைத் தள்ள அதிக வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

இங்கேதான் பாஸ்பரஸ் வருகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். என் மூலக்கூறு பாஸ்பீன் ஆக்சைடு என்ற வகை. அதில் பாஸ்பரஸுக்கு நான்கு கைகள். மூன்றில் கார்பன் வளையங்கள், ஒன்றில் ஆக்சிஜன். அமைப்பு நான்முகி. தட்டையாக இல்லாததால் ஒரு வளையத்தின் பை எலக்ட்ரான்கள் பாஸ்பரஸைத் தாண்டி அடுத்த வளையத்துக்குப் போக முடியாது. சாலைகள் கூடும் இடத்தில் ஒரு தூணை நட்டுவைத்தது போல. ஒவ்வொரு வளையமும் தான் தனியாக இருப்பதாகவே நடந்துகொள்ளும், எனவே ட்ரிப்லெட் உயரத்திலேயே இருக்கும். அதே சமயம், பாஸ்பரஸிடமிருந்து ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுக்கிறது, பாஸ்பரஸ் அந்த இழுப்பைச் சுற்றியுள்ள வளையங்களுக்குக் கடத்துகிறது. வளையங்களுக்கு எலக்ட்ரான் பசி வந்துவிடுகிறது. மின்முனையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுகின்றன. ட்ரிப்லெட் இறங்கவில்லை, எலக்ட்ரானை ஏற்கும் மட்டம் மட்டும் இறங்கியது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் என்று சொன்னேனே, அந்த இரண்டையும் ஓர் அணு பிரித்துக் கொடுத்துவிட்டது.

இதைத் தெளிவாகக் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூலக்கூறுகள் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் லிண்டா சபோசாக், அசங்க பத்மபெரும, பால் பர்ரோஸ் இருந்த குழு. 2006இல் இரண்டு பென்சீன் வளையங்கள் இணைந்த பைஃபினைலை நடுவில் வைத்து ஒன்று, அதே வருடம் டைபென்சோஃப்யூரானை வைத்து இன்னொன்று. நான் குழாயில் காட்டியது அந்த இரண்டாவது. அதன் ட்ரிப்லெட் 3 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும். வேலி நல்ல உயரம்.

சரி, இதை எப்படிச் செய்வது? வேதியியல் படிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு புரோமின் உள்ள டைபென்சோஃப்யூரானை உலர்ந்த டிஎச்எஃபில் கரைத்து, உலர்பனியும் அசிட்டோனும் கலந்த தொட்டியில் மைனஸ் 78 டிகிரிக்கு இறக்குவேன். ப்யூட்டைல் லித்தியத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக இருந்த கரைசல் வெண்மையாகக் கலங்கும். ஒரு மணி நேரம் கழித்து, பாஸ்பரஸைக் கொண்டுவரும் குளோரோடைஃபினைல்பாஸ்பீன். அதன் நெடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூண்டும் அமிலமும் சேர்ந்த மாதிரி, மூக்கில் ஏறினால் சீக்கிரம் இறங்காது. ஈரக் காற்றுப் பட்டால் புகையும். சிரிஞ்சை, புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்கு வெளியே ஒரு நொடி கூடக் கொண்டுவராதே என்று தம்பியிடம் நான் சொன்னது அதனால்தான். சிரிஞ்சில் மிஞ்சியதை ஹுட்டுக்குள்ளேயே ப்ளீச்சில் மூழ்கவைத்த பிறகுதான் கழுவ வேண்டும்.

இரவு முழுக்கக் கலக்கிவிட்டுக் காலையில் எடுத்தால் கிடைப்பது பாஸ்பீன். இன்னும் ஆக்சிஜன் ஏறவில்லை. அதை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, பனித்தொட்டியில் வைத்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். சூடு கிளம்பும், அதனால் மெதுவாக. இந்த நேரத்தில் பாஸ்பரஸ் என்எம்ஆர் எடுத்துப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். அணு எந்தச் சூழலில் இருக்கிறது என்பதைக் கோட்டின் இடத்தால் காட்டும் அளவீடு அது. இயற்கையிலுள்ள பாஸ்பரஸ் முழுவதும் 31 நிறை எண் கொண்ட ஒரே ஐசோடோப், என்எம்ஆருக்கு மிகவும் ஏற்றது. சில நிமிடங்களில் ஸ்பெக்ட்ரம் வந்துவிடும். ஆக்சிஜன் ஏறுவதற்கு முன் மைனஸ் 5 பிபிஎம் பக்கம் ஒரு கோடு. ஏறிய பின் அது மறைந்து 29 பக்கம் புதிய கோடு நிற்கும். பாதியில் எடுத்தால் இரண்டும் தெரியும், மூலக்கூறில் இரண்டு பாஸ்பரஸ் இருப்பதால் ஒன்றில் மட்டும் ஏறிய இடைநிலையும் தெரியும். கோடுகள் இடம் மாறுவதைப் பார்க்கும்போது ஆக்சிஜன் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதை நேரில் பார்ப்பது போலவே இருக்கும். முடிந்ததும் மிச்சப் பெராக்சைடை சோடியம் சல்ஃபைட்டால் அழித்த பிறகுதான், கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டாவேப்பில் வைக்க வேண்டும். இதில் யாரும் சுருக்குவழி தேடக் கூடாது.

கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் விட்டிக் வினை செய்திருப்பவர்களுக்கு ட்ரைஃபினைல்பாஸ்பீன் ஆக்சைடு என்றாலே எரிச்சல் வரும். வேண்டிய பொருளோடு ஒட்டிக்கொண்டு சிலிக்கா நிரப்பிய குழாயில் பிரிக்கும் குரோமடோகிராபியில் பிரியாமல் உயிரை வாங்கும் உபபொருள் அது. எனக்கும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் இருந்தது. விட்டிக் வினையே நடப்பதற்குக் காரணம் பாஸ்பரஸுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பின் வலிமைதான். ஒருமுறை சேர்ந்தால் பிரியாது. நான் செய்யும் ஹோஸ்ட்களெல்லாம் அந்த உபபொருளின் நெருங்கிய உறவுகள். அதே முரட்டுப் பிடிவாதம் இவற்றுக்கும் உண்டு. சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும், எத்தில் அசிட்டேட் போதாமல் மெத்தனால் சேர்க்க வேண்டிவரும். ஆக்சிஜன் முனை ஹைட்ரஜன் பிணைப்பை விரும்புவதால் தண்ணீரையும் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுத்தபின் கூடப் புரோட்டான் என்எம்ஆரில் தண்ணீர்க் கோடு பெரிதாக நிற்பதைப் பார்த்துப் பல முறை திரும்ப உலர்த்தியிருக்கிறேன்.

அதன் பிறகு பதங்கமாக்கல். நீண்ட குவார்ட்ஸ் குழாய், வெப்பம் படிப்படியாகக் குறையும் மூன்று பகுதிகள், உள்ளே பத்து லட்சத்தில் ஒரு டார் அளவுக்கு வெற்றிடம். தூள் ஆவியாகி நகர்ந்து, தனக்கேற்ற வெப்பம் உள்ள இடத்தில் படியும். நடுவில் வெள்ளைப் பட்டை, அதற்கு முன்னால் குளிர்ந்த பக்கத்தில் மஞ்சள் சாயல், தூள் வைத்த படகில் கரி போல மிச்சம். வெள்ளையை மட்டும் சுரண்டி எடுத்து, திரும்பவும் ஒருமுறை ஏற்றுவேன். புரோமின் உள்ள அசுத்தம் துளி தங்கினாலும் சாதனத்தின் ஆயுள் குறையும் என்பதால் இந்த இரண்டாவது முறையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் முறையாக நான் செய்த மூலக்கூறை வைத்து நீலச் சாதனம் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மின்கடத்தும் ஐடிஓ பூச்சுள்ள கழுவிய கண்ணாடி, வெற்றிட அறை, நொடிக்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வேகத்தில் அடுக்கு மேல் அடுக்கு. கடைசியில் லித்தியம் ஃப்ளோரைடு ஒரு நானோமீட்டர், அதன்மேல் அலுமினியம். கரிம அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே நூறு நானோமீட்டர் தடிமன் அளவுதான். வெளிக்காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் வைத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். 3 வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டு மில்லிமீட்டர் சதுரம் ஒன்று நீலமாக விழித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற சாதனக்காரத் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ரப்பர் கையுறைக்குள் கையை விட்டபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் ஆயுள் சோதனைக்கு வைத்தோம். மாறாத மின்னோட்டத்தில் ஒளி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதி வெளிச்சம் போயிருந்தது. மின்னழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

நான் கலங்கிப்போனேன். ஆனால் இது எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. பாஸ்பீன் ஆக்சைடு ஹோஸ்ட்களில் மிகவும் பேர்பெற்றது டிபிஇபிஓ. இரண்டு பாஸ்பீன் ஆக்சைடுகளை ஓர் ஈதர் ஆக்சிஜன் இணைக்கும், ட்ரிப்லெட் 3 எலக்ட்ரான் வோல்ட். இரிடியம் இல்லாமலேயே ட்ரிப்லெட்டை அறை வெப்பத்தின் துணையோடு சிங்லெட்டாக்கி ஒளியாக எடுக்கும் வழியை 2012இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் சிஹாயா அடாச்சி குழு பிரபலமாக்கியது. அதே குழு 2014இல் 19.5 சதவீத வெளிக் குவாண்டம் திறனோடு, அதாவது செலுத்தும் நூறு எலக்ட்ரானுக்கு 19.5 ஃபோட்டான் வெளிவரும்படி, நீலத்தை எடுத்தபோது அந்த நீல மூலக்கூறைச் சுற்றி நின்றது டிபிஇபிஓதான். அதன் பிறகு எத்தனையோ நீலச் சாதனங்கள் அதை ஹோஸ்டாக வைத்தன. திறன் அருமையாக வரும், ஆயுள் வராது. இந்தத் துறைக் கட்டுரைகளில் திறனைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு ஆயுளைச் சொல்லாமலே விடுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். ஆயுள் மோசம் என்று எழுதினால்தானே அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருப்பார்.

ஏன் உடைகிறது? பாஸ்பரஸ் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் கை இரும்பு. கார்பனைப் பிடித்திருக்கும் கை அப்படி இல்லை. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2012இல் இதைக் குறிவைத்து ஆராய்ந்து, பாஸ்பீன் ஆக்சைடு ஹோஸ்டின் பலவீனம் கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பில் இருப்பதைக் காட்டியது. யோசித்துப் பாருங்கள்: 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமந்துகொண்டு மூலக்கூறு நிற்கிறது, அந்தப் பிணைப்பை உடைக்கத் தேவைப்படும் ஆற்றலும் ஏறக்குறைய அதே சுற்றில்தான். மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் அயனியாக இருக்கும்போதோ பிணைப்பு இன்னும் தளர்கிறது. ஹோஸ்டின் வேலையே எலக்ட்ரானை வாங்குவதும் கிளர்வைத் தாங்குவதும்தான். அந்த இரண்டு நிலையிலும் அது நலிந்துபோகிறது.

எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். மங்கிப்போன சாதனத்திலிருந்தும், ஓடாமல் வைத்திருந்த அதே நாள் சாதனத்திலிருந்தும் அடுக்கை எடுத்து, மூலக்கூறுகளின் நிறையைக் காட்டும் லேசர் மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். 201இல் ஒரு கோடு. இரண்டு பென்சீன், ஒரு பாஸ்பரஸ், ஓர் ஆக்சிஜன் சேர்ந்த துண்டின் நிறை அது. லேசரே கொஞ்சம் உடைக்கும் என்பதால் ஓடாத சாதனத்திலும் அந்தக் கோடு லேசாக இருந்தது. ஓடியதில் அது ஓங்கி நின்றது, கூடவே துண்டு ஒட்டிய பெரிய மூலக்கூறுகளின் கோடுகளும் இருந்தன. உடைந்த துண்டு சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறைப் போய்த் தாக்கும். அப்படிப் பிறந்தவை எலக்ட்ரானைப் பிடித்து அடைத்துவைக்கும், கிளர்வை விழுங்கும். மின்னழுத்தம் ஏறியதும் வெளிச்சம் இறங்கியதும் அதனால்தான். அந்த 201ஐப் பார்த்த பிறகுதான் என் மனது ஆறியது. என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம்.

பாஸ்பரஸே ஒளிர்வில் கலந்துகொள்ளும் மூலக்கூறுகளும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் தவறு. ஐந்து முனை வளையத்துக்குள் பாஸ்பரஸை வைத்த பாஸ்போல்கள் அவை. பிரான்சின் ரென் நகரில் ரெஜி ரெயோ, முரியல் இஸ்லர் குழு 2003இல் தைவான் ஆய்வாளர்களோடு சேர்ந்து பாஸ்போல்களை வைத்து ஒளியுமிழ் சாதனம் செய்து காட்டியது. இந்த வளையத்தில் பாஸ்பரஸ் பிரமிடு வடிவில் இருப்பதால் அதன் தனி எலக்ட்ரான் இணை வளையத்தோடு முழுதாகக் கலக்காது, வெளியே வேலைக்குத் தயாராக நிற்கும். அதில் ஆக்சிஜனை ஏற்றலாம், கந்தகத்தை ஏற்றலாம், தங்கத்தைக் கூடப் பிணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நிறமும் தாங்கும் திறனும் மாறும். வளையத்தைத் தொடாமல் ஓர் அணுவில் மட்டும் கைவைத்து நிறத்தைத் திருப்புவது மற்றத் தனிமங்களில் இவ்வளவு எளிதாக வராது. தாமஸ் பாம்கார்ட்னர் என்ற வேதியியலாளர் இரண்டு தயோஃபீன்களுக்கு (கந்தகம் உள்ள வளையங்கள்) நடுவே பாஸ்பரஸை வைத்துச் செய்த டைதையீனோபாஸ்போல்கள் பளிச்சென்ற நீலம். இவை என் வேலையில் நேரடியாக வருவதில்லை, பார்த்து ரசிப்பதோடு சரி. பருத்த பாஸ்பீன்களைக் கொண்டு செம்பைக் கட்டிப்போட்டு ஒளிரவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரிடியம் அரிய உலோகம் என்பதால் அந்த முயற்சி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

என் பக்கத்துக்கு வருகிறேன். அந்த 201க்குப் பிறகு இரண்டு வழிகளைப் பிடித்திருக்கிறோம். ஒன்று, பாஸ்பீன் ஆக்சைடைக் கிளர்வுகள் பிறக்கும் இடத்திலிருந்து தள்ளிவைப்பது. ஹோஸ்டாக நடுவில் நிறுத்தாமல், எதிர்மின்முனை ஓரத்தில் எலக்ட்ரான் கடத்தும் அடுக்காக வைப்பது. அங்கே அதற்கு இன்னொரு நல்ல குணம் கைகொடுக்கிறது. பாஸ்பரஸ் மேலுள்ள ஆக்சிஜன் கார உலோக அயனிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். 2005லேயே அடாச்சி குழு, பைரீன் வளையங்கள் கொண்ட ஒரு பாஸ்பீன் ஆக்சைடில் சீசியத்தைக் கலந்து மிகக் குறைந்த வோல்ட்டில் எலக்ட்ரானை ஏற்றிக் காட்டியது. தண்ணீரைப் பிடித்துவைத்து என்னைப் படுத்திய அதே ஆக்சிஜன் முனைதான் இங்கே உலோகத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, பாஸ்பரஸை வளையத்துக்குள் பூட்டுவது. தனியாகத் தொங்கும் கை உடைந்தால் துண்டு ஓடிப்போகும். வளையத்துக்குள் இருக்கும் பிணைப்பு உடைந்தாலும் இரண்டு முனைகளும் ஒரே மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், திரும்பச் சேர வாய்ப்பு உண்டு என்பது என் எண்ணம். இதற்கு ஒரு விலை இருக்கிறது. அப்படிப் பூட்டிய டைபென்சோபாஸ்போல் ஆக்சைடில் இரண்டு பென்சீன் வளையங்களும் ஒரே தளத்தில் படுத்துவிடுவதால் பாதை நீள்கிறது, ட்ரிப்லெட் இறங்குகிறது. ஆழ்ந்த நீலத்துக்கு ஹோஸ்டாக அதை வைக்க முடியாது. ஆனால் ஓரத்து எலக்ட்ரான் அடுக்குக்குப் போதுமானது. மூன்றாவது கை இன்னும் வெளியேதான் தொங்குகிறது. அந்தக் கையில் எதைக் கட்டுவது என்பதுதான் இப்போது எங்கள் ஆய்வகத்தின் வெண்பலகை முழுக்க.

பலகையில் இருப்பதில் முதல் மூலக்கூறைத் தம்பிதான் செய்கிறான். நேற்று மாலை பெராக்சைடை ஊற்றிவிட்டு என்எம்ஆர் அறைக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் படம் வந்தது. மைனஸ் பக்கம் இருந்த கோடு காணோம். 33 பக்கம் ஒரே ஒரு கோடு, சுத்தமாக. கீழே எழுதியிருந்தான்: “அக்கா, ஆக்சிஜன் ஏறிடுச்சு. இதையும் நைட்ரஜன்ல வச்சுப் பாக்கலாமா?”

பார்க்கலாம் என்று பதில் போட்டேன். குவார்ட்ஸ் குழாயைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.